களா ஊறுகாய் மேடம்

ஓசூரில் அந்தக் கம்பெனிக்குள் எது வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வராமல் போனாலும் அதற்கு ஒரே பெயர்தான்: களா ஊறுகாய். இன்கிரிமென்ட் எப்போது என்று ஒருவன் கேட்டால், களா ஊறுகாயோடு சேர்ந்து வரும் என்பான் பக்கத்து மிஷின்காரன். ஷிப்ட் பஸ்ஸை மாற்றிப் புது பஸ் விடப்போவதாக நிர்வாகம் அறிவித்த அன்றைக்கு, கேன்டீனில் தட்டைத் தட்டித் தாளம் போட்டு, களா ஊறுகாய் களா ஊறுகாய் என்று பாடியே விட்டார்கள். பொழுது விடிந்தால் பேரிங், பொழுது போனால் பேரிங் என்று கிடக்கிற இடம். சிரிக்க ஒரு விஷயம் கிடைத்தால் விடுவார்களா?

சிரித்தவர்களுக்கு என்ன, கை கழுவிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சிரிப்பு மொத்தமும் போய் விழுந்தது எவாஞ்சலின் தலையில்.

எவாஞ்சலின் தேன்கனிக்கோட்டை ரோட்டில் நர்சரி வைத்திருப்பவள். கிருஷ்ணகிரியில் தாவரவியல் படித்தவள். ஊரே ரோஜா வளர்க்கிறது, நானும் அதையே வளர்த்து யார் தலையில் வைப்பது என்று, வேலிச் செடிகள் பக்கம் போனாள். அதிலும் களா என்றால் அவளுக்கு ஒரு தனிக் கிறுக்கு. அது தண்ணீர் கேட்காது. கல்லுமேட்டில் நட்டாலும் முகம் சுளிக்காது. சித்திரை வெயிலிலும் இலை கொட்டாமல் பச்சையாக நிற்கும். ஆடு வாய் வைக்காது, ஆள் உள்ளே நுழைய முடியாது. இத்தனைக்கும் மேல் சாயங்காலத்தில் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூத்து மணக்கும், ஆடியில் சிவக்கச் சிவக்கக் காய்க்கும். ஒரு வேலி இதைவிட என்னதான் செய்யும், கணக்கு வாத்தியார் வேலையா பார்க்கும் என்று வாங்க வருகிறவர்களிடம் கேட்பாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியின் அப்போதைய பெரிய மேலாளருக்கு இந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. காம்பவுண்டு நெடுக களாச் செடி நட வைத்தார். அத்தோடு விட்டாரா? நட்ட அன்றைக்கே மைக்கைப் பிடித்து, இந்த வேலியில் விளையும் பழத்தில் நம் கேன்டீனிலேயே ஊறுகாய் போட்டு எல்லாருக்கும் பரிமாறுவோம் என்று அறிவித்தார். அறிவித்துவிட்டு மாற்றலாகிப் புனேவுக்குப் போய்விட்டார். வேலி வளர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, எலி நுழைய இடமில்லாமல் வளர்ந்தது. பழம் மட்டும் வரவில்லை. பழம் என்ன பழம், ஒரு பூவைக்கூடக் கண்ணால் கண்டவர் கிடையாது.

ஒவ்வொரு ஆடியிலும் எவாஞ்சலின் போன் செய்து சொல்லிவிட்டுப் போய்ப் பார்ப்பாள். எலும்புத்தூள் போடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், அடுத்த வருஷம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வருவாள். அடுத்த வருஷமும் அதே கதைதான். கடைசியில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே அவளைக் கண்டதும் உள்ளே போன் போட்டு, களா ஊறுகாய் மேடம் வந்திருக்காங்க என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. சொல்லிவிட்டு, அவள் காதில் விழுந்ததா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு. விழாமல் என்ன? விழுந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

இந்த ஆடியில் அவள் போன் செய்யும் முன்பே அங்கிருந்து போன் வந்தது. பேசியவர் அட்மின் மேனேஜர் முத்துக்குமார். கெட்ட மனிதர் இல்லை. வெகுகாலம் குவாலிட்டியில் இருந்துவிட்டு அட்மினுக்கு வந்தவர், அதனால் இட்லியைக்கூட ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். சனிக்கிழமை காலையில் ஜேசிபி வருகிறது, வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடப் போகிறோம், மேலிடத்து உத்தரவு. காய்க்கிற செடி என்று சொல்லிக் காய்க்காத செடியைக் கொடுத்துவிட்டீர்கள், அதை மட்டும் என்னால் சரி என்று சொல்ல முடியாது என்றார்.

எவாஞ்சலின் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிடுங்குவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் அவள் செடிக்கு என்ன பெயர் இருக்கும்? போலிச் செடி. நர்சரிக்காரிக்குப் பெயர் போனால் பிறகு மண்ணும் பையும்தான் மிச்சம்.

பெயர் போகத் தொடங்கியும் விட்டது. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் சென்னப்பன், தோப்பைச் சுற்றி களா வேலி போட அவளிடம் கன்று சொல்லி வைத்திருந்தார். அவருக்காகவே ஒரு நிழல்வலைக் கொட்டகை முழுக்கக் கன்று தயாராகி நின்றது. அவருடைய மருமகன் அந்தக் கம்பெனியில்தான் வேலை. அன்று மாலையே சென்னப்பன் கூப்பிட்டார். "சனிக்கெழம அங்க புடுங்கறாங்களாமே. நானே நேர்ல வந்து ஒருக்கா பாத்துக்கறேன்மா. அப்பறம் நம்ம பேச்ச வச்சிக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அவள் புருஷன் வெஸ்லின், செடி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவன், விடு, களாவை ஒதுக்கிவிட்டு வேறு எதையாவது விற்போம் என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நர்சரி வாசலில் அவளுடைய தாய்ச்செடி நின்றது. கொத்துக் கொத்தாகக் காய்த்து, பாதி சிவந்து, பாதி கறுத்து நின்றது. இதன் விதையில் வந்த பிள்ளைகள் அங்கே மட்டும் ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன? இது தெரியாமல் பின்வாங்கினால் நான் படித்த படிப்பே பொய் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில், தாய்ச்செடியிலிருந்து பழத்தோடு ஒரு கிளையை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, போன்கூடச் செய்யாமல் கிளம்பினாள்.

கேட்டில் வழக்கமான வரவேற்பு. முத்துக்குமார் இறங்கி வந்தார். இருவரும் வேலியோரம் நடந்தார்கள்.

எவாஞ்சலின் பையிலிருந்த கிளையை எடுத்து வேலிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். இலை இரண்டிரண்டாக எதிரெதிரே வருகிறதா? இரண்டிலும் வருகிறது. தொட்டுப் பாருங்கள், தோல் மாதிரி தடிப்பாக, மேலே பளபளப்பாக இருக்கிறதா? இருக்கிறது. முள்ளைப் பாருங்கள், நுனி கவட்டையாகப் பிரிகிறதா? பிரிகிறது. கடைசியாக வேலியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளினாள். காம்பில் வெள்ளைப் பால் முட்டி நின்றது. பழக்கிளையிலும் கிள்ளினாள், அதே பால். செடி ஒன்றுதான், இதில் போலி எங்கே வந்தது என்று கேட்டாள்.

முத்துக்குமார் ஒவ்வொன்றையும் குனிந்து, தொட்டு, திருப்பிப் பார்த்தார். முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"டிராயிங் ஓகே, மெட்டீரியலும் ஓகே. வேலைதான் செய்யலையே மேடம்."

அவள் கிளையைப் பையில் போட்டுக்கொண்டு மேலே நடந்தாள். நியாயமான பேச்சுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அப்போதுதான் மூலை திரும்பியதும் மிஷின் சத்தம் கேட்டது. தோட்ட வேலை பார்க்கும் முனிவேல், இரண்டு இரும்புக் கம்பிகளை நட்டு, நடுவில் கயிறு இழுத்துக் கட்டி, அந்தக் கயிற்றுக்கு மேலே துருத்திய ஒரு இலையைக்கூட விடாமல் மிஷினால் சீவிக்கொண்டு போனார். கொழுந்து நுனிகள் தரையெல்லாம் பச்சையாக விழுந்து கிடந்தன. வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பால் பொட்டு.

இத்தனை வருஷமாக அவள் இந்த வேலியை ஒழுங்காக வெட்டிய நிலையில்தான் பார்த்திருக்கிறாள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறவள் ஆயிற்றே, விருந்தாளி வருகிறாள் என்று தலை சீவி விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வாள். என்ன அழகாக வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டதும் உண்டு. இன்றைக்கு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வெட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

மாசாமாசம் என்றார் முனிவேல். ஆடிட் வந்தால் இரண்டு தடவை.

"யாரு சொல்லிச் செய்யறீங்கண்ணா?"

முனிவேல் மிஷினை நிறுத்தினார். இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "நீங்கதான் மேடம். செடி வச்ச அன்னிக்கி சொன்னீங்க, நுனி கிள்ளிக்கினே இருங்க, அப்பத்தான் பொதபொதன்னு வரும்னு. நானு ஒரு மாசங்கூட உடல."

ஆமாம், சொன்னாள். வாங்குகிற எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாள். கன்று சின்னதாக இருக்கும்போது நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்து வேலி அடர்த்தியாகும். ஆனால் களா பூப்பது எங்கே? கிளை நுனியில். நுனி தப்பிப் பிழைத்தால் அங்கே பூங்கொத்து, பூங்கொத்து இருந்த இடத்தில் காய். வேலி அடைத்துக்கொண்ட பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதை அவள் யாரிடமும் சொன்னது கிடையாது, சொல்ல வேண்டிய தேவையும் வந்தது கிடையாது. கிராமத்தில் நுனி கிள்ளச் சொன்னால் இரண்டு தடவை கிள்ளுவார்கள், மூன்றாவது தடவை மறந்துவிடுவார்கள். அந்த மறதியை நம்பித்தான் அவள் வியாபாரமே நடந்திருக்கிறது. இது கம்பெனி. மண்வெட்டி சாத்துகிற இடத்துக்குக்கூடத் தரையில் மஞ்சள் கோடு போட்டு, கோட்டைத் தாண்டினால் ஆடிட்டில் புள்ளி குறைக்கிற ஊர். இங்கே ஒருவர் செய் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், நிறுத்து என்று இன்னொருவர் சொல்லும் வரை அது நிற்காது. பூ எட்டிப் பார்க்க நினைக்கும் முன்னாலேயே ஐந்து வருஷமாகத் தலையைச் சீவியிருக்கிறார்கள். அதுவும் அவள் பேரைச் சொல்லி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. மறைக்கவில்லை. முத்துக்குமாரிடம் முழுவதையும் சொன்னாள். தப்பு என்னுடையதுதான், எப்போது வெட்டுவது என்று சொன்னேன், எப்போது விடுவது என்று சொல்லாமல் போய்விட்டேன், ஒரே ஒரு வருஷம் கத்தி படாமல் விடுங்கள், காய்த்துக் காட்டுகிறேன் என்றாள்.

முத்துக்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காரணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் ஐந்து வருஷமாக ஆடிக்கு ஆடி ஒரு காரணம் கேட்டிருக்கிறேன், எலும்புத்தூளும் இப்படித்தான் நன்றாக இருந்தது. நாளைக்குக் காலையில் வண்டி வரும்போது மேலிடத்துக்கு நான் எதைக் காட்டி நிறுத்தச் சொல்வது?

"ஒரு சாம்பிள் காட்டுங்க மேடம். இந்தக் காம்பவுண்டுக்குள்ள, இதே செடி, வெட்டாம விட்டது ஒண்ணே ஒண்ணு காய்ச்சிருந்தா போதும். ஜேசிபிய நானே திருப்பி அனுப்பறேன்."

எவாஞ்சலின் முனிவேலைப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு செடி, மூலையில், சந்தில், வெட்டாமல் விட்டிருக்கிறீர்களா அண்ணா என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் கெஞ்சியது. முனிவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் ஏரியாவில் ஒரு இலை கயிற்றுக்கு மேலே நின்றால் என் பேரை மாற்றி வையுங்கள் என்றார். பாவம், நல்ல வேலைக்காரர். அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

அவ்வளவுதான். முத்துக்குமார் மரியாதைக்கு அவளைக் கேட் வரை கொண்டுவிட வந்தார். வழியில் கார் நிறுத்துமிடம். அவருடைய வெள்ளைக் காரைக் கண்டதும் நின்றுவிட்டார். கூரையெல்லாம், கண்ணாடியெல்லாம் ஊதாக் கறை. அவருக்கு அன்றைய எரிச்சல் மொத்தமும் அந்தக் கார் மேல் திரும்பியது. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் இதே அழும்பு மேடம் என்று புலம்பினார். வலை கட்டிப் பார்த்தோம், பட்டாசு வெடித்துப் பார்த்தோம், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை, இங்கே சுற்றிலும் ஒரு பழமரம் கிடையாது, இந்தக் குருவிகள் எங்கே போய்த் தின்றுவிட்டு வந்து என் கார் மேல் போகின்றனவோ தெரியவில்லை.

எவாஞ்சலின் காரின் பக்கம் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. ஒரு வேப்பங்குச்சியை எடுத்து அந்த எச்சத்தைக் கிளறினாள். ஒரு கம்பெனி மேனேஜர் கண்முன்னால் ஒரு பெண் இப்படிச் செய்தால் என்ன நினைப்பார் என்றெல்லாம் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. உள்ளே தட்டையாக, பழுப்பாக விதைகள். அந்த விதையைத்தான் அவள் வருஷா வருஷம் பழத்திலிருந்து பிதுக்கி, அலசி, ஈரம் காயும் முன் பையில் ஊன்றுகிறாள். சொந்தப் பிள்ளையின் கையெழுத்து தெரியாதா?

இந்தக் குருவிகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று கேட்டாள். முத்துக்குமாருக்குத் தெரியவில்லை. பதிலை ஒரு கொண்டைக்குருவியே சொல்லிற்று. கார் நிறுத்துமிடத்தை ஒட்டினாற்போல் டிரான்ஸ்பார்மர் முற்றம். முன்பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்குமேல் தகரம் அடித்து, மண்டையோட்டுப் படம் போட்ட போர்டு மாட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தகரத்துக்குப் பின்னாலிருந்து குருவி எழும்பி வந்தது. அலகில் சிவப்பாக ஒன்று.

"இதுக்குப் பின்னாடி என்ன சார் இருக்கு?" என்றாள் எவாஞ்சலின்.

டிரான்ஸ்பார்மர்தான், வேறென்ன என்றார் அவர். கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்த முனிவேல்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். வேலி அதற்குள்ளேயும் போகிறது மேடம். செடி வைத்த அன்றைக்கு இந்த டிரான்ஸ்பார்மரே கிடையாது, வெறும் காம்பவுண்டுதான், அந்தச் செடியையும் நான்தான் வைத்தேன். அடுத்த மாசமே இதைக் கொண்டுவந்து வைத்துத் தகரம் அடித்தார்கள். அதற்குள்ளே கத்தி எடுத்துப் போக வேண்டுமானால் கரண்டை நிறுத்தி பர்மிட் வாங்க வேண்டும். கரண்டை நிறுத்தினால் மிஷின் லைன் மொத்தமும் நிற்கும். செடி வெட்ட யார் லைனை நிறுத்துவார்கள்?

"அது என் ஏரியா இல்லீங்களே" என்று முடித்தார்.

சாவி எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் சகாயநாதனிடம் இருந்தது. கூப்பிட்டதும் வந்தார். வந்தவர் விஷயத்தைக் கேட்டதும், உள்ளே ஒன்றும் இல்லை, ஆபத்து, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னார். முத்துக்குமார் விடவில்லை. சகாயநாதன் ஒவ்வொருவர் தலையிலும் ஹெல்மெட்டை வைத்து, இதைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது என்று வாசலில் ஒரு கோட்டைக் காட்டி, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு பூட்டைத் திறந்தார்.

எவாஞ்சலின் பார்த்தாள். டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, தூரத்துச் சுவரை ஒட்டி நின்றது அவள் களா. ஐந்து வருஷமாக ஒரு கத்தியும் படாத களா. இரண்டு ஆள் உயரம். கிளைகள் நாலாபக்கமும் வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கனம் தாங்காமல் தரையைத் தொட்டன. ஒவ்வொரு நுனியிலும் கொத்து. வெளிறிய காய், ரோஜா நிறத்துக் காய், நல்ல ரத்தச் சிவப்பு, அதற்கும் முற்றிக் கறுத்தது. கீழே தரை முழுக்க ஊதாக் கறை. உள்ளே இரண்டு மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. என் செடி பொய் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முத்துக்குமார் வேலியைப் பார்க்கவில்லை. அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலை ஒட்டிய ஸ்விட்ச் அறையின் ஜன்னலில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தில் சிவப்புக் களா, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசிறி வைத்திருந்தது. பக்கத்தில் பாதி காலியான ஒரு ஜாடி.

அவர் சகாயநாதன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். சகாயநாதன் ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று வருஷமாகக் காய்க்கிறது. கீழே தாழ்ந்த கிளைகளில் கைக்கு எட்டினதைப் பறித்து எலக்ட்ரிகல் பசங்கள் எல்லாருமே தின்கிறோம். வெளியில் சொன்னால், டிரான்ஸ்பார்மர் முற்றத்தில் புதர் மண்ட விட்டது யார் என்று ஆடிட்டில் எழுதிவிடுவார்கள், அந்தப் பயத்தில்தான் வாயைத் திறக்கவில்லை.

"சார், கேன்டீன்ல தட்டைத் தட்டிப் பாடினப்ப முதல் ஆளா பாடினது நீங்கதானே?" என்றார் முத்துக்குமார்.

"எல்லாரும் பாடறப்ப நான் மட்டும் சும்மா இருந்தா சந்தேகம் வருமில்லீங்களா" என்றார் சகாயநாதன்.

முதலில் முனிவேல் சிரித்தார். பிறகு எவாஞ்சலின். முத்துக்குமார் கொஞ்ச நேரம் முகத்தை விறைப்பாக வைத்துப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவருக்குள் இருந்த குவாலிட்டிக்காரர் திரும்பி வந்துவிட்டார். எந்தக் கோளாறுக்கும் ஐந்து தடவை ஏன் என்று கேட்பது குவாலிட்டி வழக்கம், விரலை மடக்கினார். பழம் ஏன் வரவில்லை, வெட்டினோம். ஏன் வெட்டினோம், மேடம் சொன்னார்கள். ஏன் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வெட்டாத இடத்தில் காய்த்தது ஏன் நமக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். என் கார் ஏன் ஊதாவாயிற்று, மிச்சத்தைக் குருவி தின்றது. ஐந்தும் முடிந்தது என்று கையை உதறிவிட்டு, அங்கேயே நின்று ஜேசிபிக்காரனுக்குப் போன் போட்டார். நாளைக்கு வர வேண்டாம், எப்போதுமே வர வேண்டாம் என்றார். அடுத்து முனிவேல் கையிலிருந்த கயிற்றை வாங்கிச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் சென்னப்பன் சொன்ன சொல் தவறாமல் வந்து சேர்ந்தார். வேலி பிடுங்குவதைப் பார்க்க மருமகன் மூலம் அனுமதி எல்லாம் வாங்கி வைத்திருந்தார். பிடுங்குவது இல்லை என்று தெரிந்ததும், அதைவிடப் பெரிய வேடிக்கையைக் காட்டுகிறோம் என்று முத்துக்குமாரே அவரை அழைத்துக்கொண்டு போய்த் தகர வாசலில் நிறுத்தினார். சகாயநாதன் ஒரு கைப் பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சென்னப்பன் அவசரப்படவில்லை. ஒரு பழத்தை உருட்டிப் பார்த்து, பிட்டு, பால் கசிவதைப் பார்த்து, வாயில் போட்டார். புளிப்பில் ஒரு கண் தானாக மூடியது. உதட்டில் பிசுபிசுவென்று பால் ஒட்டியது.

"வாக்காயேதான்" என்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு, அதில் களாவுக்கு அதுதான் பெயர். பிறகு எவாஞ்சலின் பக்கம் திரும்பி, "கன்னுங்கள ஏத்திடும்மா. ஆனா எப்ப வெட்டணும்னு சொல்றப்பவே எப்ப உடணும்னும் சொல்லிடு" என்றார்.

நட்டதும் இரண்டு வருஷம் நுனி கிள்ளுங்கள், அதன் பிறகு பழம் பறித்து முடித்த கையோடு லேசாக ஒரு வெட்டு, அதைத் தாண்டி வருஷம் முழுக்கக் கத்தியைத் தொடக் கூடாது என்றாள் எவாஞ்சலின். அவர் திருப்பிச் சொல்லிக் காட்டும் வரை விடவில்லை. அன்றிலிருந்து யார் வந்து எந்தச் செடி வாங்கினாலும் அவள் அப்படித்தான் செய்கிறாள். வெஸ்லின்கூட டெம்போவில் செடி ஏற்றும்போது அதையே ஒப்பித்துக் காட்டிக் கேலி செய்கிறான்.

அந்த வருஷம் முழுக்க ஒரு மஞ்சள் கோட்டுக்கும் அடங்காமல் வளர்ந்தது வேலி. ஆடிட் வந்தவர்கள் ஏன் இப்படிப் பரட்டையாக நிற்கிறது என்று கேட்டார்கள். உற்பத்தியில் இருக்கிறது சார் என்றார் முத்துக்குமார். மாசி முடியும்போது காம்பவுண்டு நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. இரண்டாவது ஷிப்டுக்கு வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்ன வாசம் இது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முனிவேல் மீசையைத் தடவிக்கொண்டார். வைகாசியில் காய் தெரிந்தது. ஆடியில் வேலியே சிவந்துபோயிற்று. முனிவேல் கையில் உறை மாட்டிக்கொண்டு, முள்ளுக்குள் புகுந்து புகுந்து கூடை கூடையாகப் பறித்தார். கேன்டீனில் காயைக் கீறி, பால் போக உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்து, காரம் கலந்து, நல்லெண்ணெய் ஊற்றி ஜாடியில் அடைத்தார்கள். காருக்கு முத்துக்குமார் ஒரு உறை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பரிமாறும் அன்றைக்கு எவாஞ்சலினுக்கு அழைப்பு வந்தது. வெஸ்லின் டெம்போவிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டான். கேட்டில் அதே செக்யூரிட்டி. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். போனை எடுத்தான். இந்தத் தடவை ஓரக்கண் பார்வை இல்லை, நேராக அவளைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"சார், களா ஊறுகாய் மேடம் வந்திருக்காங்க."

கேன்டீனில் வரிசை வாசல் வரை நின்றது. தட்டில் சோறு, சாம்பார், பொரியல், ஓரத்தில் சிவப்பாக ஒரு கரண்டி. முதல் வாய் வைத்தவனின் முகம் புளிப்பில் சுருங்கி விரிவதை மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் உடனே இரண்டாவது வாய் வைத்தான். பின்னாலிருந்து ஒருவன், அப்படியென்றால் இன்கிரிமென்ட்டும் வந்துவிடும் போலிருக்கிறதே என்றான். சிரிப்பு கிளம்பிக் கூரையில் மோதியது. தட்டைத் தட்ட முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்கவே வேண்டாம், சகாயநாதன்தான். ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் தாளம் ஓடியது. களா ஊறுகாய், களா ஊறுகாய். அதே பாட்டு, அதே தாளம்.

முத்துக்குமார் கொண்டுவந்து வைத்த தட்டு எவாஞ்சலின் முன்னால் இருந்தது. அவள் ஊறுகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு கரண்டியை எடுத்து, தன் தட்டையும் எல்லாரோடும் சேர்ந்து தட்டினாள்.